மேகலா கையைத் துடைத்துக்கொள்கிறாள்

தொடக்கூடாது. தொட்டால் காலை பதினொன்றிலிருந்து ஊறியதெல்லாம் வீண். கேமை ஓடவிட்டு, ஆறு மணி நேரம் யாரும் எதையும் அமுக்காமல், அது தானாகத் திணறி நின்றுபோகிறதா என்று பார்ப்பதற்கு எங்கள் ஆபீஸில் ஊறப்போடுவது என்று பெயர், இட்லி அரிசி மாதிரி. நான் வைத்த பெயர்தான். இன்று சனிக்கிழமை, மூலை ரூமில் ஒருத்தனைத் தவிர ஆபீஸில் ஆள் இல்லை. இரண்டு திரைகளில் இரண்டு மேகலாக்களை ஊறப்போட்டுவிட்டு நடுவில் நான் உட்கார்ந்திருக்கிறேன். இடப்பக்கம் மார்ச் மாதத்து மேகலா, வலப்பக்கம் ஜூன் மாதத்து மேகலா. இரண்டு பேரும் அதே பூட்டிப்போன நூற்பாலையில், அதே ரெக்கார்டு ரூம் கதவுக்கு முன்னால், அதே பச்சைச் சுடிதாரில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மணி இரண்டே கால். ஐந்து மணி வரை நான் எங்கேயும் போக முடியாது. போக முடியாது என்று சொல்லிப் பார்க்கும்போது வாய்க்கு நன்றாக இருக்கிறது. டெஸ்ட் ஓடிக்கொண்டிருக்கிறதே, எப்படிப் போவது? பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஒரு விதியும் கிடையாது, ஊறப்போட்டுவிட்டு எல்லோரும் பிரியாணி சாப்பிடப் போவார்கள், அது வேறு விஷயம். போனை மேஜையில் குப்புறப் போட்டிருக்கிறேன். குப்புறப் போட்டால் அது சும்மா ஒரு கறுப்புப் பலகை.

பதினொன்று ஐம்பதுக்கு அந்தப் பெண் கூப்பிட்டாள். "மேடம், வினோதினிங்களா? லேப்ல இருந்து பேசறேங்க. ரிப்போர்ட் வந்துருச்சுங்க. அஞ்சரைக்குள்ள வந்தீங்கன்னா டாக்டரே இருப்பாங்க." சரி, வருகிறேன் என்றேன். அத்தோடு வைத்திருக்கலாம், வைக்கவில்லை அவள். "கூட யாராச்சும் வருவாங்களாங்க?" ஏன் என்று கேட்டேன். "இல்லைங்க, சும்மாதாங்க. யாரையாச்சும் கூட்டிட்டு வந்தா நல்லதுன்னு சொல்லச் சொன்னாங்க." சும்மா. சும்மா யாரும் யாரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்வதில்லை. ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்று வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டுப் போய்விடுவார்கள். அல்லது எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார்களோ, மயக்கம் கியக்கம் வந்துவிடும் என்று? போன வாரம் இடது மார்பில் ஊசி போட்டு உறிஞ்சி எடுத்தபோது நான் மயங்கவில்லையே, உத்தரத்தில் ஃபேனின் இறக்கை மூன்றா நான்கா என்று எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன். நான்கு. "பரவால்லைங்க, நீங்க தைரியசாலிங்க" என்று இதே பெண்தான் அன்று பஞ்சு வைத்து ஒட்டினாள். கட்டி ஒரு புளியங்கொட்டை அளவுதான் இருந்தது. குளிக்கும்போது சோப்பு அதன்மேல் வழுக்கிப் போனது, திரும்ப வந்தது, திரும்பப் போனது. அந்த லேப் ஒன்றும் தூரத்தில் இல்லை, அவிநாசி ரோட்டில் எங்கள் ஆபீஸிலிருந்து நாலு கட்டடம் தள்ளி. கீழே இறங்கி, டைல்ஸ் கடை, பேங்க், கல்யாண அழைப்பிதழ் கடை, அப்புறம் லேப். நடந்தால் ஆறு நிமிஷம். அந்த ஆறு நிமிஷத்தை நான் காலையிலிருந்து நடக்காமல் இருக்கிறேன்.

ஆபீஸில் எனக்குப் பயம் கிடையாது என்று பெயர். பயமுறுத்தும் கேம் செய்கிற கம்பெனியில் அது ஒரு தகுதி. கேமில் மில் சங்கு ஊதியதும் இருட்டிலிருந்து வருகிற பேய் உருவத்தைச் செய்தவனே முதல் தடவை ஓடவிட்டபோது நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான், நான் டீயைக் குடித்துக்கொண்டே "இடது கால் தரையில பதியல, மிதக்குது" என்றேன். அதுதான் என் வேலை. எங்கே தப்பு என்று பார்த்து எழுதிப் போடுவது. பக் போடுவது என்போம். மேகலாவை இதுவரை மூவாயிரத்துச் சொச்சம் தடவை சாகவிட்டிருக்கிறேன், படியில் உருட்டி, பஞ்சுக் கிடங்கில் மூச்சுமுட்டவைத்து, ஓட வேண்டிய இடத்தில் வேண்டுமென்றே நிற்கவைத்து. ஒரு தடவைகூட ஐயோ என்று வந்ததில்லை. ஆனால் மார்ச்சில் வெளியாட்களைக் கூப்பிட்டு விளையாடவைத்தோமே, நாற்பது பேர், அவர்கள் எல்லோரும் இவளிடம் மயங்கிப்போனார்கள். இவ்வளவுக்கும் இவளிடம் என்ன இருக்கிறது? துப்பாக்கி சுடத் தெரியாது, சண்டை தெரியாது. செத்துப்போன அப்பாவுடைய சர்வீஸ் சர்டிபிகேட்டை எடுக்க மூடிய மில்லுக்குள் தனியாக வந்து மாட்டிக்கொண்ட எல்ஐசி ஆபீஸ் கிளார்க், இருபத்தொன்பது வயது, தோளில் ஒரு பை. ஒரு காகிதத்துக்காக வந்தவள். அந்த நாற்பது பேர் எழுதிக்கொடுத்த தாள்கள் என் டிராயரில் இன்னும் இருக்கின்றன. 'எங்க அக்கா பேங்க்ல செலான் எழுதறப்ப இப்படித்தான் இருப்பா' என்று ஒருத்தன். 'அவ பயப்படறா, அதனால நான் பயப்படக் கூடாதுன்னு தோணுச்சு' என்று ஒரு கல்லூரிப் பெண். நான் கூட இருக்கிறேன் என்று மேகலாவிடம் சொல்ல அந்த கேமில் ஒரு பட்டன் வேண்டும் என்று ஒருத்தர் கேட்டிருந்தார், வயது ஐம்பத்திரண்டு, தொழில் என்ற இடத்தில் மிக்ஸி ரிப்பேர் என்று போட்டிருந்தார். படித்துவிட்டு நாங்கள் சிரித்தோம். நான்தான் சத்தமாகச் சிரித்தேன்.

ஜூனில் இன்னொரு நாற்பது பேரைக் கூப்பிட்டோம், எல்லாம் மாறிவிட்டது. அதே மேகலா, அதே மில், அதே சங்கு. பக் எல்லாம் சரிசெய்து, வழவழவென்று ஓடுகிறாள், எங்கேயும் தட்டுவதில்லை. மார்க் மட்டும் பாதியாகிவிட்டது. 'நல்லா இருக்கு' என்று எழுதியிருந்தார்கள், அதைவிட மோசமாக ஒன்றும் எழுத முடியாது. ஒரு பையன் மட்டும் கொஞ்சம் யோசித்து எழுதியிருந்தான்: 'இவளுக்கு நான் தேவைப்படலை.' கம்பெனி நடத்துகிற ஹரிஹரன் சார் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். திங்கட்கிழமை பணம் போடுகிற கம்பெனியோடு மீட்டிங், அவர்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டார்களாம், இந்தப் பொண்ணு எடுபடவில்லை, தூக்கிவிட்டு ஒரு போலீஸ்காரியைப் போடுங்கள், கையில் துப்பாக்கி கொடுங்கள். "எதையோ ஒடச்சிருக்கோம் வினோதினி. எதுன்னு தெரியல. பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. திங்கக்கெழமைக்குள்ள கெடச்சாதான் மேகலா இருப்பா." அதற்காகத்தான் இந்த இரண்டு முதுகுகள். மூன்று மணி நேரமாகப் பார்க்கிறேன், தலைமுடி ஒன்றுதான், செருப்பு ஒன்றுதான், மூச்சுவிடுவது ஒன்றுதான். இடப்பக்கத்துக்காரி அவ்வப்போது லேசாக அசைகிறாள், வலப்பக்கத்துக்காரி நிமிர்ந்து நிற்கிறாள், நிமிர்ந்து நிற்பது நல்லதுதானே. கண் எரிகிறது. மூவாயிரம் தடவை திறந்த கதவு அது, உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும், மூன்றாவது ஷெல்ஃப், நீல ஃபைல். எந்தக் கதவைத் திறந்தாலும் முன்னாலேயே மூவாயிரம் தடவை திறந்து பார்த்துக்கொள்ள முடிந்தால் எவ்வளவு சௌகரியம்.

யாரைக் கூட்டிப்போவது? யாரும் தேவையில்லை, நானே போவேன். ஆனால் யாரை? ஓசூரில் அண்ணன் இருக்கிறான். கூப்பிட்டால் வருவான், வராமல் இருக்கமாட்டான், நாலு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வந்து இறங்கி, "அன்னைக்கே அந்த பல்லடம் மாப்பிள்ளையக் கட்டியிருந்தீன்னா இப்படித் தனியா நிப்பியா?" என்று ஆரம்பிப்பான். கட்டியிருந்தால் கட்டி வராமல் போயிருக்குமா? அவனிடம் அதைக் கேட்க முடியாது, அண்ணி பக்கத்தில் இருப்பாள். வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லலாம், சொன்னால் சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும், எல்லோரும் கீரை கொண்டுவந்து கொடுப்பார்கள். அம்மா இருந்திருந்தால் என்று நினைக்கக் கூடாது என்று வைத்திருக்கிறேன், இரண்டு வருஷமாக அந்த விதியை ஓரளவு காப்பாற்றியும் வருகிறேன். உண்மையைச் சொன்னால் எனக்கு இந்த மேகலாமீது பொறாமை. ஆமாம், பொறாமைதான், வேறு என்ன பெயர் வைப்பது. இருட்டு மில்லில் தன்னந்தனியாக நடக்கிறாள் என்று எல்லோரும் உருகுகிறார்களே, அவள் எங்கே தனியாக நடக்கிறாள்? அவளுக்குப் பின்னால் ஒன்றரை மீட்டர் தள்ளி, வலது தோளுக்குக் கொஞ்சம் மேலே, கேமரா இருக்கிறது. அவள் எந்தப் படியில் இறங்கினாலும் அதுவும் இறங்குகிறது. அந்தக் கேமராவுக்குள் ஒரு மிக்ஸி ரிப்பேர்க்காரர் வேர்த்துப்போய் உட்கார்ந்திருக்கிறார், பார்த்துப் போம்மா, பார்த்துப் போ என்று. அவள் செத்தால் அவர் மறுபடி ஆரம்பத்திலிருந்து கூட்டிக்கொண்டு வருகிறார். சலிக்காமல். நான் ராத்திரி பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறும்போது என் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? படி. என் முதுகு எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. அவரவர் முதுகை யார்தான் பார்த்திருக்கிறார்கள்.

போன் அதிர்கிறது. குப்புறப் போட்டதால் மேஜையே உறுமுகிறது. மணி மூன்று ஐம்பது. எடுக்க வேண்டாம். எடுக்காவிட்டால் திரும்பத் திரும்ப அடிப்பாள், நல்ல பெண், அவள்மேல் என்ன தப்பு. "மேடம், கெளம்பிட்டீங்களாங்க? டாக்டர் கேட்டாங்க." ஆபீஸில் டெஸ்ட் ஓடுகிறது, முடிந்ததும் வந்துவிடுகிறேன் என்கிறேன். குரல் நன்றாகத்தான் வருகிறது. "யாராச்சும் கூட வர்றாங்கல்லங்க?" வருகிறார்கள் என்கிறேன். எவ்வளவு சுலபமாகப் பொய் வருகிறது. போனை வைக்கிறேன். வைத்த பிறகு பார்த்தால் என் சாம்பல் நிறக் குர்தாவில், வலது தொடைக்குப் பக்கத்தில், ஈரமாக ஒரு கைத்தடம். நாலு விரல். போனை எடுப்பதற்கு முன்னால் உள்ளங்கையைத் துடைத்திருக்கிறேன். எப்போது துடைத்தேன்? தடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது கண்ணோரத்தில் ஏதோ அசைகிறது, இடப்பக்கத் திரை, மார்ச் மாதத்து மேகலா கதவை நோக்கிக் கையைக் கொண்டுபோகிறாள், நிறுத்துகிறாள், வலது உள்ளங்கையைச் சுடிதாரில், தொடைக்குப் பக்கத்தில், மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு, பிறகு மறுபடி கைப்பிடியை நோக்கி. தொடவில்லை. கையை இறக்கிவிடுகிறாள். வலப்பக்கத்துக்காரி நிமிர்ந்து நிற்கிறாள். நான் இடப்பக்கத் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் காத்திருக்கிறேன். ஏழு நிமிஷம் கழித்து மறுபடி கை போகிறது, நிற்கிறது, துடைக்கிறது. இடுப்பை லேசாக இடப்பக்கம் சாய்த்துக்கொண்டு. யார் இப்படிச் சாய்ந்து நிற்பார்கள்? அம்மா திட்டுவாள், ஏண்டி கோணிக்கிட்டு நிக்கற, நேரா நில்லு என்று. என்னைத்தான் திட்டுவாள்.

ஜனவரியில் செல்வின் வந்து கேட்டான். மேகலாவை நடக்கவைப்பவன் அவன்தான், நாகர்கோவில்காரன், என்னைவிட ஏழு வயது சின்னவன். "வினோக்கா, ஒரு ரெஃபரன்ஸ் வீடியோ எடுக்கணும். அந்தக் கடேசி ஸ்டோர் ரூம் வரைக்கும் நடந்து போய் கதவத் தொறந்துட்டு வாங்க, போதும்." எனக்குப் பயந்த மாதிரியெல்லாம் நடிக்க வராது என்றேன். "நடிக்க வேண்டாம்க்கா. சும்மா போய்ட்டு வாங்க." அந்தப் பக்கம் லைட் எரியாது. சும்மாதான் போனேன், கேலி பேசிக்கொண்டே போனேன், பின்னால் அவன் போனைப் பிடித்துக்கொண்டு வந்தான். ஒன்றரை மீட்டர் இருக்கும். ஸ்டோர் ரூம் கதவில் ஸ்டீல் கைப்பிடி, அம்மா இருந்த ஆஸ்பத்திரியில் ஐசியு கதவுக்கு இருந்ததே அதே மாதிரி. பத்தொன்பது நாள். தினமும் காலை ஆறரைக்கு ஒருவரை மட்டும் உள்ளே விடுவார்கள், நான் அந்தக் கைப்பிடிக்கு முன்னால் நிற்பேன், இன்றைக்கு உள்ளே எப்படி இருக்கிறாளோ, கையில் வேர்வை, புடவையாக இருந்தால் புடவையில், சுடிதாராக இருந்தால் சுடிதாரில். இருபதாவது நாள் துடைத்துக்கொண்டு தள்ளினேன், கட்டிலில் புது விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஸ்டோர் ரூமுக்கு முன்னாலும் என்னை அறியாமல் துடைத்திருக்கிறேன், அந்தக் கை இது. அதை செல்வின் வீடியோவிலிருந்து எடுத்து மேகலாவுக்குப் போட்டிருக்கிறான், நாற்பது பேர் அதைப் பார்த்து எங்க அக்கா மாதிரி என்று எழுதினார்கள், அதற்கப்புறம் நான் வந்து பக் போட்டேன். போட்டது நான்தான். தேடி எடுக்கிறேன், நம்பர் 2147, ஏப்ரல் ஒன்பது, என் பெயர். 'கதவைத் திறக்கும் முன் தேவையில்லாத கை அசைவு. 0.8 நொடி தாமதம். நீக்கவும்.' கீழே செல்வின் ஒரே வார்த்தை எழுதியிருக்கிறான்: 'சரிக்கா.' மற்ற பக்குக்கெல்லாம் என்னோடு மல்லுக்கு நிற்பவன், மேகலாவின் கம்மலுக்கு மூன்று நாள் சண்டை போட்டவன். இதற்கு மட்டும் சரிக்கா. எனக்கு அழுகை வருகிறது. இந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதால் ஸ்பின்னிங் மில் பேய்க்கு அழாதவள் பக் லிஸ்டுக்கு அழுதாள் என்று ஆகிவிடும். ஆகட்டும். பக்கத்தில் யாரும் இல்லையே பார்ப்பதற்கு, யாரும் இல்லை என்பதுதானே பிரச்சினையே.

மணி நாலே முக்கால். 2147ஐ மறுபடி திறக்கிறேன். 'இது தப்பு இல்லை. மார்ச்சில் இருந்தபடியே திரும்ப வைக்கவும். 0.8 நொடியும் வேண்டும்.' காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதை நிரப்பாமல் சேமிக்க முடியாது, நானே கேட்டு வைக்கச்சொன்ன கட்டம். ரொம்ப நேரம் அதில் கோடு கண் சிமிட்டுகிறது. 'அவள் பயப்படுகிறாள். ஆனாலும் திறக்கிறாள்' என்று அடிக்கிறேன். படித்துப் பார்த்தால் கூச்சமாக இருக்கிறது, அழிக்காமல் சேமிக்கிறேன். டெஸ்டில் இன்னும் பதினைந்து நிமிஷம் பாக்கி. அது தானே முடியும், நான் இருந்து என்ன ஆகப்போகிறது. கைப்பையை எடுத்துக்கொள்கிறேன். மூலையில் செல்வின் ரூமில் விளக்கு எரிகிறது, காலையிலிருந்தே எரிகிறது, நடுவில் டீ வேண்டுமா என்று தலையை நீட்டினான், வேண்டாம் என்று விரட்டியிருந்தேன். அவன் கதவு சாதாரண பிளைவுட் கதவு. கை போகிறது, நிற்கிறது. துடைத்துக்கொள்கிறேன், இந்தத் தடவை தெரிந்தே.

அவன் ஹெட்போனைக் கழற்றுகிறான். திரையில் என் பக் திறந்திருக்கிறது, நான் சேமித்ததுமே பார்த்திருக்கிறான். "தெரியும்ல உனக்கு? அன்னைக்கே சொல்ல வேண்டியதுதானே?" என்கிறேன். சண்டைக்குப் போகிற குரலில்தான் வருகிறது, என்ன செய்ய. "தேவையில்லன்னு நீங்களே எழுதியிருந்தீங்கக்கா. உங்க கை. உங்களுக்கே வேண்டாம்னா நான் என்னத்தச் சொல்ல?" சுவரில் மேகலாவின் படம், கோணிக்கொண்டு நிற்கிறாள். "செல்வின், நாலு கட்டடம் தள்ளி ஒரு லேப் இருக்கு. ஒரு ரிப்போர்ட் வாங்கணும். யாரையாச்சும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க." சொல்லிவிட்டேன். வெளியே வந்த பிறகு அது சின்னதாகத்தான் இருந்தது. அவன் முகம் மாறுவதைப் பார்க்காமல் இருக்க அவன் செருப்பைப் பார்க்கிறேன். "நீ ஒண்ணும் பேச வேண்டாம். ஆறுதல் கீறுதல் சொன்னீன்னா அங்கயே ஒன்னைக் கொன்னுடுவேன். பின்னாடி வந்தா போதும்." அவன் எழுந்து கம்ப்யூட்டரை அணைக்காமலே செருப்பை மாட்டுகிறான். "எவ்வளவு தூரம்க்கா பின்னாடி?" என்று கேட்கிறான். கேலியா என்று நிமிர்ந்து பார்த்தால் கேலி இல்லை, அளவு கேட்கிறான், தொழில்காரன். "அவளுக்கு எவ்வளவோ அவ்வளவு" என்கிறேன்.

டைல்ஸ் கடை. பேங்க், ஷட்டர் இறக்கியிருக்கிறது. அழைப்பிதழ் கடை வாசலில் தங்க நிறப் பிள்ளையார். வெயில் இன்னும் அடிக்கிறது, பஸ்ஸெல்லாம் போகிறது, ஒரு சனிக்கிழமையில் இவ்வளவு பேர் எங்கே போகிறார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. செருப்புச் சத்தம் கேட்கிறது, நான் வேகமாக நடந்தால் அதுவும் வேகமாக, நான் நின்றால் அதுவும் நிற்கிறது. என் முதுகு கோணலாக இருக்கும், இருக்கட்டும், பார்க்கட்டும். லேப் கதவு கண்ணாடி, ஸ்டீல் கைப்பிடி, உள்ளே அந்தப் பெண் என்னைப் பார்த்து எழுந்து நிற்கிறாள், முதலில் என்னை, பிறகு என் தோளுக்கு மேலே பின்னால் பார்க்கிறாள், பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி. கை போகிறது. நிற்கிறது. குர்தாவில் மேலிருந்து கீழாகத் துடைத்துக்கொள்கிறேன். பின்னால் யாரும் அவசரப்படுத்தவில்லை. கைப்பிடியைப் பிடித்துத் தள்ளுகிறேன்.